பெங்களூரில் மீன் தொட்டியில் செடி வளர்க்கப் போகிறீர்களா? மண் வாங்கும் முன் குழாய்த் தண்ணீரைப் பாருங்கள்

சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கத்து மீன் கடைகளுக்குப் புதிதாகத் தொட்டி வாங்க வருபவர்கள் கடைசியாகக் கேட்பது அடியில் போடும் மண்ணைத்தான். கண்ணாடி, ஃபில்டர், லைட், மீன் எல்லாம் பேசி முடித்து, காசு கொடுக்கும் நேரத்தில் "அண்ணா, அடியில போட ரெண்டு கிலோ கல்லு குடுங்க" என்பார்கள். கடைக்காரரும் கைக்கு எட்டிய பாக்கெட்டை எடுத்துப் பையில் போட்டுவிடுவார். மீன் மட்டும் வளர்ப்பவருக்கு அது போதும். செடி வளர்க்க நினைப்பவருக்குப் போதாது. ஃபில்டரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், லைட்டை மாற்றலாம், ஒத்துவராத மீனைத் தெரிந்தவருக்குக் கொடுத்துவிடலாம். அடியில் போட்ட மண்ணை மாற்ற வேண்டுமென்றால் தொட்டியையே கலைத்தாக வேண்டும். அதனால் கடைக்குப் போவதற்கு முன்பே அதை முடிவு செய்துவிடுவது நல்லது.

அந்த முடிவு இந்த ஊரில் உங்கள் வீட்டுத் தண்ணீரிலிருந்து தொடங்குகிறது. ஒரே மண்ணைப் போட்டு அல்சூரில் ஒருவர் அருமையாகச் செடி வளர்ப்பார், சர்ஜாபூர் ரோட்டில் இன்னொருவர் ஆறு மாதத்தில் வெறுத்துப்போவார். குறை மண்ணில் இருக்காது, தண்ணீரில் இருக்கும்.

முதல் வேலை: தண்ணீரை அளப்பது

காவிரித் தண்ணீர் பொதுவாக மென்மையானது, போர்வெல் தண்ணீர் கடினமானது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். கீசரிலும் குழாய் வாயிலும் வெள்ளையாகப் படியும் உப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். சிக்கல் என்னவென்றால், பல வீடுகளில் இரண்டும் ஒரே சம்ப்பில் சேர்கின்றன. ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் காவிரியும், போர்வெல்லும், கோடையில் டேங்கரும் கலந்து மோட்டார் வழியாக மேலே ஏறுகின்றன. 2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கிய பிறகு புறநகர்ப் பகுதிகளுக்கும் இணைப்பு போய்க்கொண்டிருக்கிறது. ஆனாலும் உங்கள் குழாயில் இன்று வருவது என்ன கலவை என்று அளந்து பார்த்தால்தான் தெரியும்.

வாங்க வேண்டியது இரண்டு. ஒன்று, டி.டி.எஸ். மீட்டர். விலை குறைவு. அதை மட்டும் நம்ப வேண்டாம். தண்ணீரில் மொத்தமாக எவ்வளவு கரைந்திருக்கிறது என்று சொல்லுமே தவிர, எது கரைந்திருக்கிறது என்று சொல்லாது. இரண்டாவது, கே.எச். பார்க்கும் சொட்டு மருந்து கிட். இதுதான் முக்கியம். கே.எச். என்பது தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட்டின் அளவு. ஒரு டிகிரி என்றால் லிட்டருக்குச் சுமார் 18 மில்லிகிராம், கால்சியம் கார்பனேட் கணக்கில். கிட்டில் இருக்கும் சின்னக் குழாயில் வீட்டுத் தண்ணீரைப் பிடித்து, நிறம் மாறும்வரை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணுங்கள். பெரும்பாலான கிட்களில் ஒரு சொட்டுக்கு ஒரு டிகிரி. காவிரி வந்த நாளில் ஒரு முறை, டேங்கர் வந்த நாளில் ஒரு முறை பாருங்கள். இரண்டு எண்ணையும் எழுதி வையுங்கள்.

என் கணக்கு இது: கே.எச். 4 வரை இருந்தால் எந்த மண்ணும் போடலாம். 5 முதல் 8 வரை என்றால் அக்வாசாயில், அதாவது செடித் தொட்டிக்கென்றே குருணையாக விற்கும் சத்து மண், போடலாம், ஆனால் பைகார்பனேட்டைக் குறைக்கும் அதன் சக்தி சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று தெரிந்து போட வேண்டும். 8-க்கு மேல் என்றால் அக்வாசாயிலுக்குப் பணம் செலவழிக்காதீர்கள், மணல் போதும்.

அபார்ட்மென்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நிறைய இடங்களில் மொத்தக் கட்டடத்துக்கும் உப்புப் போட்டு ஓட்டும் சாஃப்ட்னர் வைத்திருக்கிறார்கள். அது தண்ணீரிலிருக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு சோடியத்தைத் தருகிறது. சோப்பு நன்றாக நுரைக்கும், வாளியில் கறை படியாது. பைகார்பனேட் மட்டும் அப்படியே இருக்கும். செடிக்கு வேண்டிய கால்சியமும் மெக்னீசியமும் போய்விட்டன, வேண்டாத சோடியம் வந்துவிட்டது, மண்ணின் சக்தியைக் குறைக்கும் கே.எச். துளியும் குறையவில்லை. சாஃப்ட்னருக்கு முன்பிருந்து வரும் குழாய் எதுவும் இருக்கிறதா என்று மெயின்டனன்ஸ் ஆட்களிடம் கேளுங்கள். தோட்டத்துக் குழாய் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். கே.எச். ரொம்ப அதிகமென்றால் சமையலறை ஆர்.ஓ. தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்தால் எண்ணும் ஏறக்குறைய பாதியாகும். வெறும் ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றக் கூடாது, அதில் செடிக்கு வேண்டிய தாதுக்கள் ஏறக்குறைய இல்லை.

இரண்டாவது: என்ன செடி, என்ன மீன்

எல்லாச் செடிக்கும் மண் வேண்டும் என்று நினைக்க வேண்டாம். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், ஜாவா மாஸ் இவற்றைக் கல்லிலோ கட்டையிலோ கட்டி வைப்பார்கள். இவை தண்ணீரிலிருந்தே உணவு எடுத்துக்கொள்ளும். சொல்லப்போனால் அனுபியாஸின் தடித்த கிழங்குத் தண்டை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். ஹார்ன்வொர்ட்டும் மிதக்கும் செடிகளும் இதே கணக்குதான். இவை மட்டும் போதும் என்பவர், பார்க்க எது பிடிக்கிறதோ அந்த மணலை ஒரு அங்குலம் போட்டுக்கொண்டு இந்தக் கட்டுரையின் பாதியைத் தாண்டிவிடலாம்.

வேரால் அதிகம் உண்பவை வேறு. அமேசான் ஸ்வார்டு, கிரிப்டோகோரைன், அல்லி, வாலிஸ்னேரியா போன்றவற்றுக்கு அடியில் ஆழமும் சத்தும் வேண்டும். இதில் வாலிஸ்னேரியா போர்வெல் வீட்டுக்காரர்களுக்கு வரப்பிரசாதம். பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளத் தெரிந்த செடி அது, கடினத் தண்ணீரில் தாராளமாக வளரும். ரொட்டாலா மக்ராண்ட்ரா நம் தென்னிந்தியப் பக்கத்துச் செடிதான். ஆனால் அந்தச் சிவப்பு நிறத்துக்கு மென்மையான தண்ணீரும் நல்ல வெளிச்சமும் கேட்கும். தரை முழுக்கப் புல்வெளி மாதிரிப் படரும் மான்டே கார்லோ போன்றவற்றை முதல் தொட்டியிலேயே முயல வேண்டாம் என்பேன். அவற்றுக்கு மண் மட்டும் போதாது. பெரும்பாலும் சிலிண்டர் வைத்து கார்பன் டை ஆக்சைடு கொடுக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் மீன். கோரிடோராஸ் என்ற சின்னக் கெளுத்தி, மீசையால் மண்ணைத் துழாவித்தான் சாப்பிடும். கூரான கல்லில் அந்த மீசை தேய்ந்து புண்ணாகிவிடும். அதற்கு வழவழப்பான நைஸ் மணல்தான். குலி லோச் மண்ணுக்குள்ளேயே புகுந்துகொள்ளும், அதற்கும் அதேதான். கோல்டு ஃபிஷ்ஷும் பெரிய சிக்லிட்களும் செடியைப் பிடுங்கிப் போடும். அந்த மீன்கள்தான் வேண்டுமென்றால், மண்ணில் நடும் செடியை மறந்துவிட்டு கட்டையில் கட்டும் செடிக்குப் போங்கள். கிரிஸ்டல் ரெட் வகை இறால் வளர்க்க ஆசையென்றால் மென்மையான, சற்று அமிலத்தன்மையுள்ள தண்ணீர் வேண்டும், அதற்கு அக்வாசாயில் கிட்டத்தட்டக் கட்டாயம். செர்ரி இறாலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, சாதாரண மணலிலேயே பெருகும்.

மணல்: பெரும்பாலானவர்களுக்கு இதுதான்

புதிதாகத் தொடங்கும் ஒருவர் என்னிடம் கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வது, சாயம் பூசாத குவார்ட்ஸ் மணல், ஒன்று முதல் இரண்டரை மில்லிமீட்டர் பருமன், வேருக்கடியில் உர வில்லை. இது தண்ணீரில் எதையும் சேர்ப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை. காவிரியானாலும் போர்வெல்லானாலும் ஒரே மாதிரி இருக்கும். எத்தனை வருஷமானாலும் கழுவிக் கழுவித் திரும்பப் போடலாம்.

பருமன் ஏன் முக்கியம்? அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த மாவு மணல் இறுகிப்போகும். தண்ணீர் உள்ளே இறங்காது, ஆக்சிஜன் போகாது. இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழமாகப் போட்டால் அடியில் கருப்புத் திட்டு விழுந்து, கிளறும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீனுக்கு விஷம். ஐந்து மில்லிமீட்டருக்கு மேலான சரளையில் வேறு தொல்லை. மீன் தின்று மிஞ்சிய தீனியெல்லாம் இடுக்கில் இறங்கி அங்கேயே அழுகும், மெல்லிய வேருக்குப் பிடிமானம் கிடைக்காது. இரண்டுக்கும் நடுவில்தான் செடிக்குச் சுகம்.

மீன் கடையில் பாக்கெட் பாக்கெட்டாக வாங்குவதைவிட, தண்ணீர் சுத்திகரிப்பு ஃபில்டருக்குப் போடும் சிலிக்கா மணல் மலிவு. வாட்டர் பிளான்ட் சாமான் விற்பவர்களிடம் கேளுங்கள். அவர்கள் மெஷ் கணக்கில் பேசுவார்கள். 16/30 மெஷ் என்றால் சுமார் 0.6 முதல் 1.2 மில்லிமீட்டர், கோரிடோராஸ் தொட்டிக்கு நல்லது. 8/16 மெஷ் என்றால் 1.2 முதல் 2.4 மில்லிமீட்டர், செடிக்கு அதுதான் என் தேர்வு. மூட்டையாகத்தான் தருவார்கள், இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம். வீட்டு வேலைக்கு வந்த ஆற்றுமணல் மிச்சம் இருக்கிறது என்றால் அதையும் சலித்து, கழுவிப் பயன்படுத்தலாம், சிமென்ட் கலக்காமல் இருந்தால். எம்-சாண்ட் வேண்டாம். கருங்கல்லை உடைத்துச் செய்வது அது. முனை கூராக இருக்கும், தூள் அதிகம், எவ்வளவு கழுவினாலும் கலங்கும்.

எங்கிருந்து வாங்கினாலும் ஒரு சோதனை செய்யாமல் தொட்டியில் போடாதீர்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் இரண்டு ஸ்பூன் காய்ந்த மணலை எடுத்து, அது மூழ்கும்வரை சமையல் வினிகர் ஊற்றுங்கள். ஊற்றியவுடன் நாலைந்து பெரிய குமிழி மேலே வரும். அது மணலுக்குள் அடைபட்டிருந்த காற்று, பயப்பட வேண்டாம். அரை நிமிஷம் விட்டுவிட்டு டம்ளரை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். குறிப்பிட்ட சில மணிகளிலிருந்து மட்டும் நூல் பிடித்த மாதிரி பொடிக் குமிழிகள் விடாமல் ஏறிக்கொண்டிருந்தால், அந்த மணிகள் சுண்ணாம்புக் கல்லோ கிளிஞ்சல் தூளோதான். தொட்டியில் அது மெல்ல மெல்லக் கரைந்து கே.எச்.சையும் பி.எச்.சையும் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) ஏற்றிக்கொண்டே இருக்கும். வினிகர் பலம் குறைந்த அமிலம், சில கற்களைக் கண்டுபிடிக்காமல் விட்டுவிடும். சந்தேகம் இருந்தால் ஒரு கைப்பிடி மணலைக் குழாய்த் தண்ணீரில் ஒரு வாரம் ஊறவிட்டு, முன்னும் பின்னும் கே.எச். பார்த்தால் தெளிவாகிவிடும். பளிங்குக் கல் துண்டு, பவள மணல், கடற்கரை மணல் மூன்றும் இந்தச் சோதனைக்கே வர வேண்டியதில்லை, வாங்கவே வேண்டாம்.

நீலம், ரோஸ், பச்சை என்று சாயம் பூசிய கல்லும் வேண்டாம். சாயம் உரியும். தூய வெள்ளை மணலும் எனக்குப் பிடிக்காது. அழுக்கு எல்லாம் தெரியும், மீன்களும் வெளிறிப்போகும். கொஞ்சம் பழுப்போ கருமையோ கலந்த மணலில் மீனின் நிறமும் செடியின் பச்சையும் எடுத்துக் காட்டும்.

மணலில் சத்து இல்லை, அதனால் வேருண்ணும் செடிகளுக்கு உர வில்லை புதைக்க வேண்டும். கடையில் ரூட் டேப்லெட் என்று கேட்டால் தருவார்கள். செடியின் அடியிலிருந்து இரண்டு விரல் தள்ளி, நீளமான இடுக்கியால் கண்ணாடி அடி தொடும்வரை அழுத்துங்கள். அரை அடிக்கு ஒன்று, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. மேலே தங்கிவிட்டால் உரம் தண்ணீரில் கரைந்து பாசிக்குத்தான் தீனியாகும். இதனுடன் சாயம் பூசாத களிமண் உருண்டையும் சேர்க்கலாம். களிமண்ணுக்கு அம்மோனியம், பொட்டாசியம், இரும்பு போன்றவற்றைப் பிடித்து வைத்து வேருக்குத் தரும் குணம் உண்டு. மணலுக்கு அது இல்லை. பாட்டரி டவுன் பக்கம் பானை செய்பவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம், பிள்ளையார் சதுர்த்தி சமயத்தில் வெறும் களிமண்ணாகவும் விற்பார்கள். கோலிக்குண்டு அளவில் உருட்டி, நிழலில் நன்றாகக் காயவைத்து, வில்லையைப் போலவே ஆழமாகப் புதையுங்கள்.

அக்வாசாயில்: நல்லதுதான், யாருக்கு என்பதுதான் கேள்வி

இது மண்ணைக் குருணையாக உருட்டிச் சூடாக்கித் தயாரிப்பது. ஜப்பானின் தகாஷி அமானோ 1982-இல் தொடங்கிய ஏடிஏ நிறுவனத்தின் அமேசோனியா இதில் பெயர் பெற்றது. இப்போது பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. சத்து உள்ளேயே இருக்கிறது, வேர் சுலபமாக இறங்குகிறது, தண்ணீரின் பைகார்பனேட்டைக் குறைத்து பி.எச்.சை ஏழுக்குக் கீழே வைத்திருக்கிறது. சிவப்புச் செடிகளும் தரைப் படர்ச் செடிகளும் இதில் வளர்வது போல வெறும் மணலில் வளராது.

ஆனால் அந்தப் பைகார்பனேட்டைக் குறைக்கும் சக்திக்கு அளவு உண்டு. ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் அது கொஞ்சம் செலவாகிறது. கே.எச். 2 உள்ள தண்ணீரில் வருஷக்கணக்கில் வேலை செய்யும் மண், கே.எச். 12 உள்ள போர்வெல் தண்ணீரில் மிகச் சீக்கிரமே அடங்கிவிடும். அதற்குப் பிறகு அது மணலை விட எளிதில் நொறுங்கும் சாதாரணக் குருணை, அவ்வளவுதான். சத்தும் இரண்டு வருஷத்துக்குள் பெரும்பாலும் தீர்ந்து, பிறகு வில்லை வைக்கத்தான் வேண்டும். மணலைப் போலப் பல மடங்கு விலை கொடுத்து வாங்குவதற்கு முன் உங்கள் கே.எச். எண்ணை ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று, முதல் சில வாரங்களுக்குப் பல அக்வாசாயில்கள் அம்மோனியாவை வெளிவிடும். செடிக்கு அது உணவு, மீனுக்கு விஷம். முதல் வாரம் தினமும், இரண்டாம் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும். இரண்டடித் தொட்டிக்கே ஒவ்வொரு முறையும் இருபது லிட்டருக்கு மேல் ஆகும். ஏப்ரலில் டேங்கருக்குக் காத்திருக்கும் தெருவில் இதைத் தொடங்காதீர்கள். மழை தொடங்கி சம்ப் நிறைந்த பிறகு வையுங்கள். மாற்றும் தண்ணீர் வீணாகாது, மாடித் தோட்டத்துக்கு ஊற்றினால் செடிகள் தழைக்கும்.

பொறுமை உள்ளவர்களுக்கு: செம்மண்

பெங்களூரின் செம்மண்ணில் இரும்பு நிறைய. மண்ணுக்கடியில் ஆக்சிஜன் குறையும் இடத்தில் அந்த இரும்பு, வேர் எடுத்துக்கொள்ளக்கூடிய வடிவத்துக்கு மாறுகிறது. ஒரு அங்குலம் மண், அதன்மேல் மணல் மூடி, நிறையச் செடி, குறைவான மீன் என்ற இந்த முறை டயானா வால்ஸ்டாட் என்ற அமெரிக்கரின் பெயரால் அறியப்படுகிறது. செலவு மிகக் குறைவு. நன்றாக அமைந்தால் வருஷக்கணக்கில் உரம் கேட்காது. நன்றாக அமையாவிட்டால் தொட்டி முழுக்கச் சேறு.

நர்சரியில் விற்கும் தயார் கலவையை எடுத்துப் போடாதீர்கள். அதில் சாணி எரு, ரசாயன உரம், தேங்காய் நார்த்தூள், சில சமயம் வேப்பம் பிண்ணாக்கும் கலந்திருக்கும். வேப்பம் பிண்ணாக்கு மீனுக்கு ஆகாது. உரம் போடாத வெறும் செம்மண்ணைக் கேட்டு வாங்கி, சல்லடையில் சலித்து, வாளியில் ஊறவையுங்கள். மிதக்கும் குப்பையை வடித்துவிட்டு, மொட்டை மாடியில் தார்ப்பாயில் பரப்பி நன்றாகக் காயவிடுங்கள். திரும்ப ஊறவைத்துத் திரும்பக் காயவையுங்கள். மூன்று நாலு சுற்று ஆனால் நாற்றம் போய், வடியும் தண்ணீரில் நுரை நின்றுவிடும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இதற்கு நல்ல காலம், மழைக்காலத்தில் காயவே காயாது. மண்புழு உரம் ஒரு பிடி சேர்க்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முதல் தொட்டிக்கு வேண்டாம். பாசி பிடித்துவிட்டால் கட்டுப்படுத்துவது கஷ்டம்.

போடும்போது முன்பக்கக் கண்ணாடியிலிருந்து ஒரு அங்குலம் விட்டு மண்ணைப் பரப்புங்கள். அந்த இடத்தில் மணல் மட்டும் இருந்தால் வெளியிலிருந்து பார்க்கச் சுத்தமாக இருக்கும். மண் ஒரு அங்குலத்தைத் தாண்டக் கூடாது, மேலே மணல் ஒன்றரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது. மண்ணைத் தோண்டும் மீன் எதுவும் இந்தத் தொட்டிக்கு ஆகாது. பிடிக்காத இடத்தில் செடியை வைத்துவிட்டால் பிடுங்கி மாற்றுவதும் முடியாது, வேரோடு சேறு கிளம்பும்.

எவ்வளவு வாங்குவது

தொட்டியின் நீளம், அகலம், போட நினைக்கும் சராசரி ஆழம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். இரண்டடிக்கு ஒரு அடித் தொட்டியென்றால் 60 × 30. முன்னால் 4, பின்னால் 8, சராசரி 6 சென்டிமீட்டர் என்றால் 10,800, அதாவது சுமார் 11 லிட்டர். மணல் ஒரு லிட்டர் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருக்கும், ஆக சுமார் 17 கிலோ வேண்டும். கடையில் கேட்ட அந்த இரண்டு கிலோவைப் பரப்பினால் ஒரு சென்டிமீட்டர்கூட வராது. அக்வாசாயிலை லிட்டரில்தான் விற்பார்கள். 9 லிட்டர் பை இதே தொட்டியில் சரியாக 5 சென்டிமீட்டர் நிரப்பும். தண்ணீரும் சேர்த்தால் இந்தத் தொட்டி சுமார் 70 கிலோ, கல் வைத்தால் இன்னும் அதிகம். டீப்பாய் தாங்காது, ஸ்டாண்டு வேண்டும்.

கழுவுதல், போடுதல்

அக்வாசாயிலைக் கழுவக் கூடாது, பையைப் பிரித்து அப்படியே கொட்ட வேண்டியதுதான். மணலைக் கழுவியே ஆக வேண்டும். 2024 மார்ச்சில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்த ஊர் இது. குழாயைத் திறந்துவிட்டு மணல் கழுவ மனசு வராது. பாதி வாளி மணலில் மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, கையால் நன்றாகக் கிளறி, கலங்கலை இன்னொரு வாளிக்கு இறுத்துவிடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவினால் தண்ணீர் மிச்சமாகும். இறுத்த தண்ணீர் தெளிந்ததும் அதையே அடுத்த ஈட்டின் முதல் கழுவலுக்கு வைத்துக்கொள்ளலாம். கை தெரியும் அளவு தெளிந்தால் போதும், கண்ணாடி போல ஆக வேண்டியதில்லை.

பெரிய கல் வைப்பதானால் மணலுக்கு முன் கல். தொட்டியின் அடிக் கண்ணாடியில் மெல்லிய ஃபோம் ஷீட் வைத்து, அதன்மேல் கல்லை உட்காரவைத்து, சுற்றி மணலைப் போடுங்கள். மணலின்மேல் வைத்த கல், மீன் தோண்டத் தோண்டச் சரிந்து கண்ணாடியில் சாயும். பல கடைகளில் அடியில் போடும் பிளாஸ்டிக் தட்டு ஃபில்டரைச் சேர்த்துத் தருவார்கள். நைஸ் மணலோ செம்மண்ணோ போட்டால் அதன் ஓட்டை அடைத்துக்கொள்ளும். செடித் தொட்டிக்கு அது வேண்டாம், ஸ்பாஞ்ச் ஃபில்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

பின்னால் உயர்த்தி, முன்னால் தாழ்த்திப் பரப்புங்கள். பார்வைக்கு ஆழம் தெரியும், பின்னால் நடும் பெரிய செடிகளுக்கும் இடம் கிடைக்கும். மணல் ஈரமாகி, மேலே ஒரு அங்குலம் தண்ணீர் நிற்கும் நிலையில் செடிகளை நட்டுவிடுங்கள். முழுத் தொட்டியில் கை விட்டு நடுவதைவிடச் சுலபம். அப்புறம் ஒரு தட்டை மணலின்மேல் வைத்து, அதன்மேல் விழும்படி மெதுவாக நிரப்புங்கள். குளோரின் நீக்கும் மருந்தை மறக்காதீர்கள். காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும்.

முதல் நாளிலேயே நெருக்கமாக நடுவது நல்லது. உயிருள்ள வேர் தன்னைச் சுற்றியுள்ள மண்ணுக்குக் கொஞ்சம் ஆக்சிஜன் கசியவிடுகிறது. செடி அடர்ந்த இடத்தில் மண் அவ்வளவு சீக்கிரம் கெடாது. கிரிப்டோகோரைன் நட்ட ஒரு வாரத்தில் இலையெல்லாம் கரைந்துபோகலாம். பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள், வேர் உயிரோடுதான் இருக்கும், புது இலை வரும். மண்ணைக் கலைத்தால் திரும்பவும் கரையும். அதனால் ஒரு முறை வைத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

அதற்குப் பிறகு

எந்த மண்ணானாலும், மீனுக்கு விஷமான அம்மோனியாவும் நைட்ரைட்டும் சொட்டு கிட்டில் பூஜ்யம் காட்டும்வரை மீன் வாங்காதீர்கள். மூன்றிலிருந்து ஆறு வாரம் ஆகலாம்.

மணல் தொட்டியில் அழுக்கு எடுக்கும்போது சைஃபன் குழாயை மணலுக்கு ஒரு விரல் மேலே பிடித்துக்கொண்டு போங்கள், வேர்ப் பகுதியில் குத்த வேண்டாம். அக்வாசாயிலுக்குள்ளும் செம்மண் தொட்டிக்குள்ளும் சைஃபனைச் சொருகவே கூடாது. செடி இல்லாத மூலைகளில் மட்டும் வாரம் ஒரு முறை மூங்கில் குச்சியால் லேசாகக் குத்திவிட்டால் காற்று இறங்கும். கூம்பு மாதிரி நீண்ட ஓடுள்ள மலேசியன் டிரம்பெட் நத்தைகள் செடியோடு தானாகவே வந்துசேரும். அவற்றைக் கொல்லாதீர்கள், பகலில் மணலுக்குள் உழுதுகொண்டே இருக்கும். பெருகிவிட்டால் தீனி அதிகமாகப் போகிறது என்று அர்த்தம்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் மண் வாங்கும்போதே ஒன்றை யோசிக்க வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்து வீடு மாறும்போது மண்ணும் தண்ணீருமாகத் தொட்டியைத் தூக்கவே கூடாது, கண்ணாடி ஒட்டு விட்டுவிடும். முழுக்கக் கலைக்க வேண்டும். மணலென்றால் சுலபம். தண்ணீரை இறுத்து, செடிகளை ஈர நியூஸ்பேப்பரில் சுருட்டி, மணலைப் பெயின்ட் வாளிகளில் அள்ளிக்கொண்டு போய், புது வீட்டில் கழுவித் திரும்பப் போடலாம். கழுவாமல் போட்டால் அடியில் தங்கியிருந்த அழுக்கும் அம்மோனியாவும் ஒரே நேரத்தில் கிளம்பும். அக்வாசாயில் அள்ளும்போதே பாதி சேறாகும், செம்மண் முழுக்கச் சேறாகும். இரண்டையும் கறிவேப்பிலைத் தொட்டியில் கொட்டிவிட்டுப் புதிதாகத்தான் வாங்க வேண்டும். அடுத்த வருஷமே மாறுவோம் என்று தெரிந்தவர்கள் மணலோடு நிற்பது நல்லது.

எந்த மண்ணானாலும் ஃபில்டரின் ஸ்பாஞ்சை மட்டும் பழைய தொட்டித் தண்ணீரிலேயே மூழ்கவைத்து எடுத்துப் போங்கள். நன்மை செய்யும் பாக்டீரியா அதில்தான் அதிகம், காய்ந்தால் செத்துவிடும். புது வீட்டில் தண்ணீர் நிரப்பியவுடன் மீனை விடாதீர்கள். அந்த வீட்டுக் குழாயின் கே.எச்.சை முதலில் பாருங்கள், பிறகு அம்மோனியாவை. இரண்டும் சரியாக இருந்தால் விடலாம்.